ஒரு பஸ் நிறையத் தங்கைகள்

நாம் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் மூட்டு வலியும் கண் புரையும்தான் பேச்சு. எந்தத் தைலம் நல்லது, எந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசுகிறார் என்று ஆரம்பித்தால் காபி ஆறிப்போகிறது. ஒரு மாறுதலுக்கு இன்று என் மாமாவின் தலைமுடியைப் பற்றிச் சொல்கிறேன். நடுவில் தில்லியிலிருந்து ஒரு மெடல் வரும், ஒரு கல்யாணமும் வரும். நீங்களும் பாவாடை சட்டையில் திரிந்த காலம்தான், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி ஆற்றுத் தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அணைத் தண்ணீர் பாய்ந்ததால் எங்கு பார்த்தாலும் கரும்பு. மாமா டிராக்டரில் கரும்பு ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவார். டிராக்டரை விட அவருக்குத் தலைமுடிமேல் பிரியம். காது மூடி, கழுத்தில் சுருண்டு கிடக்கும். பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சீப்பு.

"லோடு ஏத்தறவனுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ முடி? ஒட்ட வெட்டித் தொலையேன்" என்று அம்மா தினமும் சொல்வாள். அப்பா வாயால் சொல்ல மாட்டார். மாமா சாப்பிட உட்காரும்போது மட்டும், காக்கா கூடு கட்ட வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல அண்ணாந்து பார்ப்பார்.

மாமாவின் இன்னொரு பிரியம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தரைப்பாலத்து டீக்கடைக்காரரின் மகள் கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கான தையல் சென்டரில் டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவாள். மாமா அவளிடம் தலையணை உறை தைக்கக் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் இருந்த தலையணைகளுக்கு மேல் உறைகள் சேர்ந்துவிட்டன. அப்புறம் டிராக்டர் சீட்டுக்கு உறை, அதற்குப் பூப்போட்ட இன்னொரு உறை. துணியைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் நான். இரண்டு வீடும் தூரத்து உறவு, கட்டிக்கொள்ளும் முறைதான். யாராவது வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது மலையில் விடாத மழை. தீபாவளிப் பாவாடைத் துணி எடுத்து, சென்டரிலேயே அளவு கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னைத் தையல் டீச்சரோடு அனுப்பினாள். சிவப்பில் மஞ்சள் கரை. துணியை டீச்சர் வீட்டிலேயே தைத்துத் தருவதாகச் சொன்னதால் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். காலில் புத்தம் புதுச் செருப்பு. அன்று சந்தை நாள். பஸ் முழுக்கக் கூடைகள், கருவாட்டு வாசனை, ஈரப் புடவைகள். ஒரு சந்தைக்கார அம்மா கோழியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். அது என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. டிரைவர் எப்போதும்போல இறக்கிவிட்டார். பாதி தூரம் போனதும் கல்வராயன் மலைத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. செம்மண் நிறம். முறிந்த மூங்கிலும் கடுக்காயும் நுரையுமாக, பச்சை இலைகளைக் கசக்கிய வாசனையோடு வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. பஸ் மெதுவாக நகர்ந்து, பாலத்து ஓரக் கல்லில் போய்ச் சாய்ந்தது. தண்ணீர் சீட்டுக்கு ஏறியது. கண்டக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

மறுகரையில், எங்கள் ஊர்ப் பக்கம், மாமாவின் கரும்பு டிராக்டர் பஸ் தாண்டட்டும் என்று காத்து நின்றிருந்தது. அவர் கரும்பு லோடு கட்டும் பெரிய கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை டிராக்டரில் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸின் பின்னால் கூரைக்கு ஏறும் ஏணி இருக்குமே, அதில் வந்து கட்டினார். முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, யார் என்றே தெரியவில்லை.

ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாங்களே போனார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் மாமா தோளிலும் இடுப்பிலுமாகக் கொண்டுபோனார். உள்ளேயிருந்து ஒவ்வொருவரையாகப் பின் ஜன்னல் வழியே இறக்கிவிட்டவள் தையல் டீச்சர். சந்தைக்கார அம்மா கோழி இல்லாமல் வர மாட்டேன் என்றாள். "அதையும் குடு" என்று மாமா கோழியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கண்டக்டர் ஒரு கைக்குழந்தையோடு கரையேறினார். நானும் டீச்சரும் மிஞ்சினோம்.

"மொதல்ல இவளக் கூட்டிக்கினு போங்க" என்றாள் டீச்சர்.

மாமா கழுத்தைக் கட்டிக்கொண்டு போனபோது என் செருப்பு ஒன்று கழன்று ஆற்றோடு போயிற்று. அழுதேன். உயிருக்கு இல்லை, செருப்புக்கு. கரையில் ஓடிவந்த அம்மா என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவாடைத் துணியின் சாயம் வடிந்து என் கையெல்லாம் சிவப்பு. ரத்தம் இல்லை, சாயம் என்று அவளுக்குப் புரிய வைக்கவே நேரமாயிற்று. அப்பா என்னை ஒரு சாக்கில் சுற்றிக் கரும்பு லோடின் உச்சியில் உட்கார வைத்தார்.

அதனால்தான் நான் பார்த்தேன். கீழே எல்லோரும் தலையைக் குனிந்து கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மழை சாரல் சாரலாக மறைத்தது. மாமா டீச்சருக்காகத் திரும்பிப் போய் ஏணியை நெருங்கும்போது வேரோடு ஒரு மூங்கில் புதர் வந்து அவரை அடித்தது. கயிறு கைவிட்டுப் போயிற்று. மாமா முங்கினார். மேலே தெரிந்தது முடி மட்டும். டீச்சர் ஏணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அந்த முடியைக் கொத்தாகப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. இழுத்து, அவர் கையை ஏணிக்குள் நுழைத்து, தன் முழங்கையால் அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் கயிற்றைப் பற்றி வந்தார்கள். அவர் சட்டையை அவள் பிடித்திருந்தாள். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் அவளைக் கொண்டுவருவதாகத்தான் தெரிந்தது.

மாமாவை டிராக்டர் டயர்மேல் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். ஆற்றில் பாதியை வாந்தி எடுத்தார். "டீச்சர்தான் மாமாவ இழுத்தாங்க" என்று நான் அம்மாவிடம் சொன்னேன். "குளுர்ல ஒளர்றா" என்று என் வாயில் ஒரு வெல்லக் கட்டியைத் திணித்தாள். வெல்லம் இருக்கும்போது நான் வேறு எதற்கும் வாயைத் திறப்பவள் இல்லை.

உயிர்ச்சேதம் இல்லை. நாலு நாள் ஊரே மாமாவைத் தோளில் தூக்காத குறை. ஐந்தாறு ஊர்ப் பெண்கள் வந்து திருஷ்டி கழித்தார்கள். கோழிக்காரம்மா முட்டை கொண்டுவந்தாள். அதற்கப்புறம்தான் பெரியவர்களுக்கு யோசனை வந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தாலே நமக்கு வம்புதான், இல்லையா? பஸ்ஸில் வந்தவர்களில் கல்யாணமாகாத பெண்கள் இருந்தார்கள். நனைந்த துணியோடு ஒரு வாலிபன் அவர்களைத் தூக்கி வந்திருக்கிறான். மாரியம்மன் கோயிலில் ஊர் கூடியது. மணியக்காரர் எழுந்தார்.

"வயசுப் பொண்ணுங்களத் தோள்ல போட்டுக்கினு வந்துகிறான். நல்லதுக்குத்தான் செஞ்சான். நாளைக்கி எவனும் நாக்குமேல பல்லப் போட்டுப் பேசக்கூடாது. அதனால அந்தப் பஸ்ஸுலேர்ந்து இவன் இழுத்தாந்த பொம்பளைங்க அத்தினி பேருக்கும் இவன் இன்னியிலேர்ந்து கூடப்பொறந்தவன். வர்ற பொங்கலுக்கு வூட்டுக்கு வூடு அண்ணன் சீர் கொண்டும்போய்க் குடுக்கட்டும். சீர வாங்கிட்டா அண்ணன் தங்கச்சிதான். பேச்சு முடிஞ்சிது."

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா பெருமையில் மூக்கைச் சிந்தினாள். மாமா மட்டும் யாரோ தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி நின்றார். அவர் ஏன் அங்கேயே உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. ஏணியில் தொங்கும்போதே டீச்சர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நான் உங்கள இப்பிடிப் புடிச்சிக்கினு இருந்தேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க. அப்பா சென்டருக்கு அனுப்ப மாட்டாரு." டீக்கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் மகள் வேலைக்குப் போவதை அரை மனதோடுதான் விட்டிருந்தார். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், நிறுத்திவிடுவார். மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஒரு பஸ் நிறையத் தங்கைகளை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஐப்பசியிலிருந்து தை வரை மாமா சிரித்து நான் பார்க்கவில்லை. சீப்பு பாக்கெட்டிலேயே கிடந்தது. "ஆத்துத் தண்ணி பயம் இன்னும் போவல" என்று அம்மா அவருக்கு மந்திரித்தாள்.

பொங்கல் வந்தது. டிராக்டர் டிரெய்லரில் கரும்புக் கட்டுகள், மஞ்சள் கொத்துகள், வெல்லம், பச்சரிசி. அம்மாவும் நானும் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினோம். ஊர் ஊராகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் "எங்கண்ணன் வந்துட்டாரு" என்று ஆரத்தி. மாமாவை விட இரண்டு மடங்கு வயதானவர்கள்கூட அண்ணா என்றார்கள். கோழிக்காரம்மா சீரை வாங்கிக்கொண்டு கோழிக்கும் ஒரு மஞ்சள் துண்டு கட்டினாள். நெற்றியெல்லாம் குங்குமமாக மாமா பலி ஆடு மாதிரி டிராக்டரை ஓட்டினார்.

கடைசியாக டீக்கடை. டீச்சர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தாள். பண்டிகை நாளிலும் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கம்மா. அண்ணன் சீரு."

டீச்சர் தட்டைப் பார்த்தாள். மாமா டிராக்டர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"இத நான் வாங்க மாட்டேங்க" என்றாள் டீச்சர். கை நாடாவை விட்டு அசையவில்லை.

"ஏம்மா, இன்னா கொறை?"

"கொறை ஒண்ணுமில்லிங்க. எனக்கு வாணாம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அவள் அப்பாவுக்கு முகம் கறுத்தது. "உசுரக் காப்பாத்துனவனுக்கு இதான் மரியாதியா? வாங்கு" என்று அதட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள். தையல் மெஷின் சத்தம் மட்டும் வந்தது, ஓடுகிற ஓட்டத்தில் ஊசி உடைந்துவிடும் போல.

திரும்பும் வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். நன்றி கெட்டவள், நாலெழுத்துப் படித்த திமிர் என்றாள். மாமாவோ விசிலடித்துக்கொண்டே வந்தார். பின் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தலை வாரினார். அவமானத்தில் தம்பிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அம்மா நிஜமாகவே பயந்தாள்.

ஆனால் டீச்சருக்கு விசிலடிக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. மகள் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று டீக்கடைக்காரர் சென்டருக்கு அனுப்புவதை நிறுத்தினார். எதற்குப் பயந்து உண்மையை மறைத்தாளோ அதுவே வேறு வழியாக வந்து நின்றது.

இதற்கிடையில், உயிர் காத்தவர்களுக்கு இந்திய அரசாங்கம் தரும் ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்கு மாமாவின் பெயர் போயிருந்தது. மாசி மாதம் தாசில்தார் விசாரிக்க வந்தார். சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும், பயணம் செய்தவர்கள் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது போதாதா? கூத்துப் பார்க்கப் போவது மாதிரி சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆறு மணலாகக் கிடந்தது. தண்ணீரே இல்லாத தரைப்பாலத்தில் ஆளாளுக்குத் தாங்கள் எப்படி முழுகப் பார்த்தோம் என்று நடித்துக் காட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். கோழிக்காரம்மா ஒரு கோழியோடு வந்திருந்தாள். அதே கோழியா என்று தாசில்தார் கேட்டார். "அது கொழம்பாயிடுச்சிங்க, இது அதும் பொண்ணு" என்றாள்.

தாசில்தார் சிரித்து முடித்து, "கடைசியா வந்தது யாரு?" என்றார்.

டீக்கடைக்காரர் மகளை முன்னால் தள்ளினார். எல்லோர் முகத்திலும் ஓர் இளக்காரம்.

"உன்ன எப்படிம்மா கொண்டுவந்தாரு? தோள்லயா, கையப் புடிச்சா?"

அவள் ஒரு நிமிஷம் மாமாவைப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள். இழப்பதற்கு இனி எதுவும் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அவரு என்னக் கொண்டாரலிங்க. மூங்கில் அடிச்சி முழுகிட்டாரு. நான்தான் இழுத்துப் போட்டேன்."

ஆற்றில் மறுபடியும் வெள்ளம் வந்ததுபோல ஒரு சத்தம். மணியக்காரர் மாமாவின் காதருகே குனிந்தார். "டேய், இல்லன்னு சொல்லு. மெடலு போயிடும்டா."

"நெசந்தாங்க" என்றார் மாமா, தாசில்தாரைப் பார்த்து. "அவங்க இல்லன்னா நான் இல்ல. எழுதிக்குங்க."

"எப்படி இழுத்தே?" என்றார் தாசில்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

டீச்சர் நேராக மாமாவிடம் போனாள். ஊரே பார்க்க, அந்தச் சுருட்டை முடியைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். "இப்பிடிங்க."

மாமா "ஆ" என்றார். இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் வலியில் கத்தி நான் பார்த்ததில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வெட்டு வெட்டு என்று அவள் கரித்துக்கொட்டிய முடி அல்லவா தம்பியைக் காப்பாற்றியிருந்தது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உன் பேரையும் எழுதி அனுப்பறேம்மா. உனக்கும் மெடல் கேப்போம்."

"மெடல் எனக்கு வாணாங்க. நான் சென்டருக்குப் போவணும். எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

தாசில்தார் திரும்பி டீக்கடைக்காரரைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நாளைக்கே போவட்டுங்க" என்றார். தோள் குலுங்கியது. பெருமையா, வெட்கமா, இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

கோழிக்காரம்மாதான் அடுத்த சிக்கலை எழுப்பினாள். "அப்ப இவ தங்கச்சியா இல்லியா? மணியக்காரர் சொல்லணுமில்ல."

மணியக்காரர் தாடையைச் சொறிந்தார். ஊர்க்கூட்டத்தில் சொன்ன சொல்லை விழுங்க முடியாது. கூட்டம் அவர் வாயையே பார்த்தது. "அவன் இழுத்தா கூடப்பொறந்தவன்னு சொன்னேன்" என்றார் கடைசியில். "அவ இழுத்தா இன்னான்னு நான் சொல்லவே இல்லியே."

"தலமுடியப் புடிச்சி இழுக்கிறவ தங்கச்சியா? அவ பொண்டாட்டிதான்" என்றாள் அம்மா. அந்தச் சிரிப்பு அடங்கும்முன் அதே மணலில் அம்மாவும் டீக்கடைக்காரரும் வெற்றிலை மாற்றிக்கொள்ளாத குறை. கல்யாணம் வைகாசியில். டீச்சர் எனக்கு அத்தையானாள். சீர் வாங்கிய தங்கைகள் அத்தனை பேரும் நாத்தனார் சீரோடு பஸ் ஏறி வந்து இறங்கினார்கள். அத்தைக்கு எத்தனை நாத்தனார் என்று இன்றுவரை கணக்கு இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அவளை அதிகாரம் செய்தார்கள்.

மெடல் வருவதற்குள் அத்தை மடியில் ஒரு பெண் குழந்தையும் வந்துவிட்டது. அப்போது நமக்கு ஜில்லா தலைநகரம் கடலூர். கலெக்டர் கையால் வாங்க ஊரே போனது. முதன்முறையாகக் கடலையும் பார்த்துவிட்டு வந்தோம். இரவு வருவதற்குள் திரும்பிவிட்டோம் என்பதால், டீக்கடை வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே மெடல் கைமாறிச் சுற்றியது. வட்டமாக, சிவப்பு நாடாவில் தொங்கியது. நடுவில் உள்ளங்கையைக் காட்டி உயர்த்திய ஒரு கை. மேலே நமக்குப் படிக்க வராத எழுத்து.

"யாரு கைடா இது? சாமி கையா?" என்றாள் அம்மா.

"மேல இன்னா எழுதிகீது?" என்றார் டீக்கடைக்காரர்.

"பயப்படாதேன்னு எழுதியிருக்குதாம். கலெக்டர் ஆபீசுல சொன்னாங்க" என்றார் மாமா. பிறகு மெடலை வாங்கி, குழந்தையை வைத்திருந்த அத்தையின் கையில் வைத்தார். "ஏணியில தொங்கிக்கினு இருக்கும்போது இவ என்கிட்ட அதத்தான் சொன்னா. பயப்படாதீங்க, புடிச்சிக்கினு இருக்கேன்னு. கையும் இவளுது, வார்த்தையும் இவளுது. பேரு ஒண்டிதான் என்னுது."

குழந்தை மெடலை வாயில் வைத்தது.

போன பொங்கலுக்கு அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். தரைப்பாலம் இருந்த இடத்தில் உயரமான பாலம் வந்துவிட்டது. மெடல் தையல் மெஷின் டிராயரில், பாபினும் பொத்தானும் ஊக்கும் நடுவே கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் விளையாடித் தேய்த்ததில் அந்தக் கையின் விரல்கள் மழுங்கிவிட்டன. மாமாவின் தலையில் இப்போது ஒரு முடி இல்லை. வெயிலில் பளபளக்கிறது.

"நல்லாப் பாருடி உங்க மாமாவ" என்றாள் அத்தை, கண்ணாடிக்கு மேலாக. "இப்ப இவரு ஆத்துல வுழுந்தா நான் எதப் புடிச்சி இழுக்கறது?"

நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்த மாமா கண்ணைத் திறக்காமலே, மெடலில் இருப்பதுபோல உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். "இதப் புடி."

அத்தை ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, பிடித்துக்கொண்டாள்.